இரவல் குழாய்

முடோன் தாண்டி ஏழெட்டு மைல் இருக்கும்.
வெடிச்சத்தம்கூட இல்லை.
வண்டி ஒரு காலைச் சாய்த்து நடந்தது.
"போச்சு" என்றான் சன்னாசி.

வலப்பக்கம் போகிற நாட்டில்
வலப்பக்கமே ஸ்டியரிங் வைத்த பழைய ஜப்பான் வண்டி.
ஓட்டுகிறவனுக்கு வாய்க்கால்தான் தெரியும்.
எதிரே வருவதை இடது சீட்டிலிருந்து
நான்தான் எட்டிப் பார்த்து
"லாரி... இரு... இப்ப எடு" என்று
மோல்மீனிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.
தரையைப் பார்க்க ஆள் வைக்கவில்லை.

மணி மூன்றே கால்.
அமிர்தம் போன் போட்டது பன்னிரண்டரைக்கு.
"அண்ணே, வா."
அவ்வளவுதான். பின்னால் எதுவோ உருண்டு நின்றது,
பிறகு போனும் நின்றது.
யே இன்னும் எண்பது மைல்.

"ஸ்டெப்னி?"
"மூட்டைக்கு அடியில."
விடிந்தால் சந்தைக்கு என்று ஏற்றி வைத்த பாக்கு,
பதினோரு மூட்டை.
இறக்கினோம்.
ஒன்று வாய் பிரிந்து
தார்ச்சாலை முழுக்க உருண்டது.
பொறுக்க உட்கார்ந்தவனை
நான் சொல்லக் கூடாத சொல் சொன்னேன்.

மூன்று நட்டு முனகிக்கொண்டு கழன்றன.
நாலாவது அசையவில்லை.
ஸ்பேனர்மேல் ஏறி நின்றான். நான் ஏறி நின்றேன்.
இரண்டு பேரும் ஏறி
ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி
கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் நின்றோம்.

அப்போதுதான் பார்த்தேன்,
ரப்பர் தோட்டத்துக்குள்
நெற்றி நெற்றியாய் விளக்குகள்.
மரத்துக்கு மரம் நின்று, குனிந்து, நகர்ந்து.
அதில் ஒன்று எங்களை நோக்கித் திரும்பியது.

மோன் பெண். கன்னத்தில் தனகா, கையில் பால் வெட்டும் கத்தி.
நட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்,
போய்விட்டாள்.
வந்தபோது தோளில் ஓர் இரும்புக் குழாய், ஆள் நீளம்.
ஸ்பேனர் வாலில் அதைச் சொருகி
ஒரே அழுத்து.
கிரீச்.
பிறகு எங்களை ஒதுங்கச் சொல்லி
நெற்றி வெளிச்சத்தைச் செத்த டயரில் உருட்டினாள்.
கொக்கியாய் வளைந்த கம்பி ஒன்று.
கொட்டாங்கச்சியை மரத்தோடு கட்டுகிற கம்பி.
"எங்களது" என்று சிரித்து
பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.
பால் உறைவதற்குள் போக வேண்டும் என்றாள்.

கிளம்பினோம். மூட்டைகளை ஏறியபடி எறிந்ததில்
ஓட்டை டயருக்கு இடமில்லை.
பின்சீட்டில் உட்கார வைத்தோம்.
மொட்டை ஸ்டெப்னி, நாற்பதுக்கு மேல் போகாதே என்று
சன்னாசிக்குச் சொன்னேன்.
எனக்குச் சொல்ல யாருமில்லை.

யேயில் விடிந்திருந்தது.
கேட்டுக்கு வெளியே அமிர்தம், ஒரு பை,
வீங்கிய இடது கண்.
வாசலில் அவன், லுங்கியை இறுக்கிக்கொண்டு.
நான் இறங்கினேன்.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.
இரண்டடி பின்னால் போனான். கதவைச் சாத்தினான்.
தாழ்ப்பாள் சத்தம் தெருவுக்கே கேட்டது.

குனிந்து பார்த்தேன்.
குழாய்.
இத்தனை மைலும் காலடியில் கிடந்திருக்கிறது,
இறங்கும்போது கை எடுத்திருக்கிறது.
அமிர்தத்திடம் சத்தியம் செய்தேன்,
நட்டுக்காகத்தான் வாங்கினேன் என்று.
அவள் நம்பவில்லை.
முதல் முறையாக என்னைப் பற்றி
ஏதோ உயர்வாய் நினைத்துக்கொண்டாள்.
விட்டுவிட்டேன்.

பின்கதவைத் திறந்தவள்
"இது யாரு?" என்றாள்.
"நம்ம கூடத்தான் வருது" என்றான் சன்னாசி.

திரும்பும் வழியில் குழாயைக் கொடுக்க நிறுத்தினோம்.
பகலில் எல்லா வரிசையும் ஒரே வரிசை.
விளக்குகள் இல்லை, ஆளும் இல்லை.
இங்கேதான் என்றான் அவன், அங்கே என்றேன் நான்.
"அண்ணே" என்று விரல் நீட்டினாள் அமிர்தம்.
சாலையோரம் ஏழெட்டுப் பாக்கு சிதறிக் கிடந்தது.

அந்த மரத்தில் சாய்த்து வைத்தேன்.
வண்டிக்குத் திரும்பியபோது
டயர் உருளாமல் இருக்க
அதன்மேல் கையைப் போட்டபடி
அவள் தூங்கிப் போயிருந்தாள்.